'போ' என்றொரு வயர், 'வா' என்றொரு வயர்

என் டொக்டொக் அண்ணனுக்கு,

மடிக்கணினியை நீ தட்டுகிற சத்தத்துக்காக நான் உனக்கு வைத்த பெயர் அது. இப்போது அந்தச் சத்தம் என் விரலிலிருந்து வருகிறது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். நீதான் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு நொடி நினைத்திருப்பாளோ?

நம் கூலிம் ஊரில் மழை விட்டபாடில்லை. நான் அதே ஃபேக்டரியில், அதே வயர் பிரிவில்தான் இருக்கிறேன். மதியம் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் கண் சொக்கிவிடுகிறது. ஜன்னலில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போக, பாதித் தூக்கத்தில் உன் மெட்டு கேட்கிறது. விழித்துப் பார்த்தால் பஸ்ஸின் வைப்பர்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

உன் முதல் வருஷத் திதி நெருங்கியபோது, படையலுக்கு என்னவெல்லாம் வைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். நெத்திலிச் சம்பல், பால் இல்லாத கோப்பி ஓ, அப்புறம் உன் பாட்டு என்றாள். அவன் மடிக்கணினியில் போட்டுக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நிற்கிறதே அம்மா என்றேன்.

"அரைகுறையா எதையும் படையல்ல வைக்கக் கூடாது. நீ முடிச்சுக் குடு."

எனக்கு சரிகமபதநிகூட ஒழுங்காகச் சொல்ல வராது. நீ மோட்டோ கழுவும்போதெல்லாம் முணுமுணுத்த அந்தக் கடைசித் துண்டு மட்டும் தொண்டையில் இருந்தது. உன்னிடமோ வாசிக்கிற உண்மையான கீபோர்டு ஒருநாளும் இருந்ததில்லை. திரையில் வரும் கீபோர்டைத்தான் மடிக்கணினியின் எழுத்துப் பலகையைத் தட்டித் தட்டி வாசிப்பாய். சரி, நாமும் தட்டிப் பார்ப்போம் என்று தைரியமாக உட்கார்ந்துவிட்டேன்.

திரைக் கீபோர்டு திறந்தது. உன் பாட்டு மென்பொருளும் திறந்தது. தட்டினால் திரையில் கட்டை நீலமாகிறது, பாட்டுப் பக்கம் மூச்சே இல்லை. ஏதோ அப்டேட் வந்து கீபோர்டின் இணைப்பு விட்டுப் போயிருந்தது. மூன்று மதியங்கள் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் மிடி என்றால் என்னவென்றே புரிந்தது. அதில் சத்தம் போவதில்லையாமே? எந்தக் கட்டையைத் தொட்டாய், எவ்வளவு அழுத்தினாய், எப்போது விட்டாய் என்ற சேதி மட்டும்தான் போகிறது. அந்தப் பக்கம் இருப்பவர் அதைச் சத்தமாக்கிக்கொள்கிறார். சேதியை நான் அனுப்பிவிடலாம், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?

சேதி போக ஒரு வயர் வேண்டும். கீபோர்டு, பாட்டு இரண்டுமே ஒரே கணினிக்குள் இருப்பதால் இல்லாத வயர் ஒன்றை நாமே பெயர் வைத்து உண்டாக்க வேண்டும். நீ இரண்டு உண்டாக்கி வைத்திருந்தாய். ஒன்றின் பெயர் 'போ', இன்னொன்றின் பெயர் 'வா'. உன் நக்கல் உன்னை விட்டு எங்கே போகும்? சிரித்துவிட்டேன் அண்ணே. ஒரு வருஷத்தில் அன்றுதான் சத்தமாகச் சிரித்தேன்.

கீபோர்டிலிருந்து சேதி போகிறது, ஆகவே அங்கே 'போ'. பாட்டுக்கு அது வந்து சேர்கிறது, ஆகவே இங்கே 'வா'. என் மூளைக்கு இவ்வளவு சரியாகப் பட்டது வேறொன்றுமில்லை. மாற்றி மாற்றித் தட்டினேன், ஒரு முனகல்கூட வரவில்லை.

மறுநாள் வேலையிலும் அதே யோசனை. ஒரு வயரின் இரண்டு முனைகளிலும் இரண்டு வேறு லேபிள்களை ஒட்டி வைத்திருக்கிறேன். என் வரிசையைப் பார்த்துக்கொள்கிற லெட்சுமி அக்கா அதைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"என்னா தேவி, கனவா? ரெண்டு முனையிலயும் ஒரே பேரு இருந்தாத்தானே லைட் எரியும்லா."

நாள் முழுக்க அந்த வேலையையே செய்கிறவள் நான். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. 'போ' வேறு வயர், 'வா' வேறு வயர். வீட்டுக்கு வந்து பார்த்தால், 'போ' உன் பாட்டிலிருந்து தாளம் போடுகிற இன்னொரு மென்பொருளுக்குப் போகிற வழியாம். உன் பாட்டு 'வா' என்ற வயரில்தான் காது வைத்துக் காத்திருந்தது. கீபோர்டு பக்கம் 'போ'வை எடுத்துவிட்டு 'வா'வைப் போட்டேன். ஒரு கட்டையைத் தட்டினேன்.

கேட்டது அண்ணே. உன் புல்லாங்குழல் சத்தம், என் விரலில்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். நான் அழுதேன். பாட்டுக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அனுப்புகிற பக்கமும் 'வா' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் வீட்டில் யாரை அனுப்பினாலும் அப்படித்தானே சொல்வோம்?

நீ கடைசியாகக் கிளம்பிய அந்தக் காலையில் நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு லீவு நாள், உன் டொக்டொக் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது, கத்தினேன். நீ ஹெல்மெட்டோடு வாசலில் நின்று, "போயிட்டு வரேன் குட்டி" என்றாய். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "போ" என்றேன். அவ்வளவுதான். ஈரச் சடக்கில் உன் மோட்டோ சறுக்கிய சேதி வந்தபோதும் நான் அதே பாயில்தான் படுத்திருந்தேன். இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கடைசித் துண்டை ஒற்றை விரலால் வாசித்துச் சேர்த்தேன். இரண்டு இடத்தில் தாளம் தடுக்கும், நீ கேட்டால் கிண்டல் செய்வாய். நேற்றுப் படையலின் முன் முழுப் பாட்டையும் போட்டோம். முடிந்ததும் அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"அப்ப அவன சாப்பிடச் சொல்லு."

இன்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். இனி எவ்வளவு கோபம் இருந்தாலும், எவ்வளவு தூக்கம் இருந்தாலும், வாசலில் நிற்பவருக்கு முழுதாகச் சொல்லித்தான் அனுப்புவேன். அன்று பாதியில் விட்டதையும் இப்போது சொல்லி முடிக்கிறேன்.

போயிட்டு வா, அண்ணே.

பாயை விட்டு எழுந்து, வாசலுக்கு வந்து நிற்கும்
உன் தங்கை,
குட்டி