ஏழாவது தளத்தில் ஆறு பேர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரர், உங்கள் நண்பர், செத்துப் போய் நான்கு மாதமாகிறது. அன்றைக்கு நீங்கள் தெருமுனை வரை வந்து, நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பதினோரு வருஷக் கோபமே ஆனாலும் உள்ளே வந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடைய பழைய கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்துவிடலாமென்று தூசி தட்டினேன். போட்டால் வேலை செய்தது. லிப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்து நீங்கள் இருவரும் சோறு தண்ணியில்லாமல் உட்கார்வீர்களே, பாதாளத்தில் தளம் தளமாக இறங்கிச் சண்டை போடும் அந்த விளையாட்டும் அப்படியே இருந்தது. அதில் நீங்கள் இருவரும் உருவாக்கிய ஆறு வீரர்களும் ஏழாவது தளத்தில் செத்துக் கிடந்தார்கள். பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சண்டைக்காரன் சொட்டையாம், வைத்தியன் நெட்டையாம். அவர் தலையும் உங்கள் உயரமும்! அப்புறம் நன்றாக அழுதேன்.

ஒரு கூட்டத்தில் ஆறு பேருக்குத்தான் இடம். அதனால் புதிதாக மூன்று பேரைச் சேர்த்து, செத்தவர்களை மும்மூன்றாக மேலே தூக்கி வரலாமென்று இறங்கினேன். அண்ணா, இதையா ரசித்தீர்கள்? வெறும் கோட்டுச் சுவர். வழி சொல்ல ஒரு நாதியில்லை. மேலே ஊருக்குத் திரும்பினால்தான் விளையாடியது பதிவாகும். ஒரு கதவைத் தப்பாகத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுதும் பாழ். கீபோர்டை உடைக்கப் போனேன். ஆனாலும் மறுநாள் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை முடிந்ததும் ஓடி வந்து உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் என்னவோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும்போது வேறு எந்த நினைப்பும் வருவதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

ஏழாவது தளத்துக்கு, நீங்கள் சர்வீஸ் தாளின் பின்பக்கம் வரைந்த படம்தான் துணை. அது தப்பு, அதை நம்பித்தான் ஆறு பேரும் செத்தார்கள் என்றுதானே அவர் ஒர்க்‌ஷாப்பில் எல்லார் முன்னாலும் கத்தினார்? “லிப்ட் மேல நிக்கிறவன் இன்னொருத்தன் சொல்லை நம்பித்தான் நிக்கிறான், இனி உன்னை எப்படிடா நம்புறது” என்று கேட்டாராம். விளையாட்டில் வந்த கோபத்தை வேலையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

எனக்கும் அதே இடத்தில்தான் வழி தவறியது. நானும் உங்களைத் திட்டினேன். கண்ணாடி போட்டு அந்தத் தாளைப் பார்த்தபோது, ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் அவர் பென்சில் எழுத்து இருந்தது. “இங்க கால் வச்சா சத்தமில்லாம ஆளை வேற திசைக்குத் திருப்பி விட்டுடுது. நான் கவனிக்கல. நெட்டை போட்டது சரி.” தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது.

மூன்று வருஷமாக மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணா! போனை எடுப்பார், வைப்பார். யாருக்கு என்றால் சும்மா என்பார். செத்தவரென்றும் பார்க்காமல் அன்றைக்குச் சுவரில் இருக்கும் அவர் படத்தைப் பார்த்துக் கத்தினேன். உங்களிடம் சொல்லாமல் அந்த ஆறு பேரைத் தூக்கி வர அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

நான் இரண்டு நடையில் எல்லாரையும் மேலே கொண்டுவந்துவிட்டேன். அங்கே ஒரு கோயில் இருக்கிறதே, அதில் செத்தவர்களைக் கொடுத்தால் உயிர் வரலாம், சாம்பலாகியும் போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று பேர் எழுந்தார்கள். நான்காமவன் சாம்பல். மிச்சம் இருப்பது சொட்டையும் நெட்டையும்தான். பட்டனை அழுத்த எனக்கு விரல் போக மாட்டேன் என்கிறது. அவருடைய ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால் முடியாது.

நெட்டையை நீங்கள் எழுப்புங்கள். சொட்டையை நான் எழுப்பிப் பார்க்கிறேன். சாம்பலானாலும் ஆகட்டும், பக்கத்தில் நீங்கள் இருந்தால் போதும். கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தெருமுனையில் நின்றுவிடாதீர்கள், அண்ணா.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
தங்கை