தலைக்கு மேல் மூன்று விரல்

லாங்கெஃப்னி, வேல்ஸ்
ஜூலை 9

அன்பு மகள் மாரெட்டுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், நாய்க்கு மட்டும் காதில் சொறி. நீ பிரிஸ்பேனில் நலமாக இருக்கிறாய் என்பதை நீ அனுப்பிய படமே சொல்லிவிட்டது, முப்பத்தாறு வயதில் பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு குட்டி சிவப்புக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறாய். கூரை இல்லாத கார், இரண்டே இருக்கை, ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கத்தான் வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். தோளுக்கு இரண்டு இடுப்புக்கு இரண்டு என்று நான்கு பட்டை ஹார்னஸ் போட்டிருக்கிறாய், அதற்கு நீலம் நல்லாயிருக்குமா சிவப்பு நல்லாயிருக்குமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். கணக்காளர் வேலை பார்க்கிற பெண் நிறத்தைக் கேட்கிறாளே, அந்தப் பட்டையை எதில் மாட்டியிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நானும் அப்பாவும் சிரித்தோம். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

தோள் பட்டை இரண்டும் இருக்கைக்குப் பின்னால் நேராகக் கீழே இறங்கித் தரையில் போல்ட் போட்டிருக்கிறது. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க உன் தலைக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளையம் உன் காது மட்டத்துக்குத்தான் வருகிறது. இதைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் மே மாதம் நடந்ததை உன்னிடம் தொலைபேசியில் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அவரே பேனாவை எடுத்து என் கையில் வைத்து, "எழுது கிளெனிஸ். ஒண்ணும் விடாம எழுது. அவ சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார். ஆகவே எழுதுகிறேன், விடாமல்.

வசந்தம் பிறந்ததும் உன் அப்பா தன் கூரையில்லாத பச்சைக் காருக்கு யாரிடமோ ஒரு வளையம் வாங்கி வந்தார். பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது, கூடவே உன்னுடையதைப் போலவே நான்கு பட்டை. ஒரு நாள் முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டே மாட்டினார். நான் அவரை ஹெல்மெட் போட்டு உட்காரச் சொல்லி, துடைப்பக் கட்டையை எடுத்து வளையத்தின் மேலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்வரை குறுக்கே வைத்தேன். தலை அந்தக் கட்டைக்குக் கீழே இருந்தால்தான் கவிழ்ந்தாலும் தப்பும், ஆனால் கட்டை சட்டத்தில் உட்காரவே இல்லை, ஹெல்மெட்டின் மேல் ஏறி நின்றது. கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்று சமாதானம் சொன்னார். கார் கவிழும்போது உன்னைக் கேட்டுக்கொண்டா கவிழும் என்றேன். அன்றைக்கும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை, நாயிடம் சொல்லி என்னை உப்பு எடுத்துத் தரச் சொன்னார்.

மூன்றாம் நாள் நியாயம் கேட்க கெத்தினின் பட்டறைக்கே காரை ஓட்டிக்கொண்டு போனார். பந்தயக் கார்களுக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு வெல்டிங் செய்கிற கெத்தினை உனக்கு நினைவிருக்கும், பேசுவதற்குக் காசு கேட்பவன் மாதிரி வாயே திறக்க மாட்டான். அவன் வளையத்தை ஒரு கையால் பிடித்து உலுக்கினானாம், முழுவதும் ஆடியதாம். "எம்ரிஸ், இதுல துண்டு காயப்போடு. தலையை நம்பி வைக்காத" என்று மட்டும் சொன்னானாம். அவன்தான் புதிதாகக் கட்டிக் கொடுத்தான். கனமான குழாய், பின்பக்கம் இரண்டு முட்டுக்கால், போல்ட் பிய்த்துக்கொண்டு வராமல் இருக்கத் தரைக்கு அடியில் இரும்புத் தகடுகள். தோள் உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி, பட்டைகள் அதில்தான் மாட்ட வேண்டும். தோளிலிருந்து பின்னால் ஏறக்குறைய நேராகப் போக வேண்டும், தரையில் மாட்டினால் மோதும்போது பட்டை முதுகெலும்பையே கீழ்நோக்கி நசுக்கிவிடும் என்று விளக்கினான், அவன் அந்த வருடத்தில் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். இருக்கையையும் இரண்டு அங்குலம் இறக்கினான். ஆட்டுப் பட்டிக்குப் போடுகிற கதவு மாதிரி இருக்கிறது என்று உன் அப்பா வீடு வந்து சேரும்வரை புலம்பினார்.

அது மாட்டிப் பத்தாவது நாள் கடலோரத் தடத்துக்குப் போனோம். மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா காரோடு தடத்தில் இறங்கினார், நான் மதில் ஓரம் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். மூன்றாவது சுற்றில் கடல் பக்கத்து வளைவில் ஒரு சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி ஈரப் புல்லில் இறங்கியது, மண்ணைக் குத்தியது, பச்சைக் கார் எழும்பிச் சுழன்று தலைகீழாக விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை மாரெட், காற்று அந்தப் பக்கம் அடித்தது. சிவப்புக் கொடி எழுந்ததும்தான் கோப்பை என் கையில் இல்லை என்று தெரிந்தது. தடத்தில் கொடி காட்டுகிற காவலர் பெண் ஒருத்தி தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். அந்த ஒரு நிமிடத்தை எழுதத் தெரியவில்லை, விட்டுவிடு. போய்க் குனிந்து பார்த்தால் உன் அப்பா பட்டைகளில் வௌவால் மாதிரி தொங்குகிறார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "கெத்தின்கிட்ட சொல்லிடாத." நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் அவருடைய ஹெல்மெட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கையை நுழைத்துக் காட்டினாள். மூன்று விரல் போனது. முன்கண்ணாடி விழுந்த உடனேயே மடங்கிவிட்டது, அந்த மூன்று விரலும் ஆட்டுப் பட்டிக் கதவு கொடுத்தது.

எலும்பு எதுவும் உடையவில்லை, இரண்டு தோளிலும் பட்டை அகலத்துக்கு நீலம் பாரித்தது, இரண்டு வாரத்தில் போனது. கெத்தினுக்குச் சாயங்காலமே சேதி போய்விட்டது. ஒரு முறை கவிழ்ந்து பாரம் தாங்கியதை மறுபடி நம்பக் கூடாது என்று அதை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்போது உனக்கு. ஹார்னஸை இன்றைக்கே கழற்று. அது உன்னைக் கம்பம் மாதிரி நிமிர்த்திப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் உன் தலைதான் தாங்க வேண்டும். காரோடு வந்த சாதாரண பெல்ட் உடம்பைக் கொஞ்சமாவது சாய விடும், அதோடு மெதுவாக ஓட்டு. அங்கே பந்தயக் கூண்டு கட்டுகிறவர் யாரென்று தடத்தில் விசாரித்து, பளபளப்பைப் பார்க்காமல் அவர் கட்டிய பழைய வேலையைப் பார். தலை படுகிற இடத்தில் மெத்தை சுற்றச் சொல், கடைக்குப் போகும்போது ஹெல்மெட் போட மாட்டாய், வெறும் இரும்பு மண்டையைப் பிளந்துவிடும். நீயே துளை போடாதே, நீ அலமாரி மாட்டிய சுவரின் கதி எங்களுக்குத் தெரியும். நிறம் நீலமே இருக்கட்டும்.

இன்னொரு சேதி. செப்டம்பரில் ஒரு நாள் தடத்தில் கார் ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன், என் பெயரை. அறுபத்து நான்கு வயதில் இது தேவையா என்று உன் அப்பா மூன்று நாளாகக் கேட்கிறார். மதில் ஓரம் நிற்பது எப்படி இருக்கும் என்று அவரும் ஒரு நாள் தெரிந்துகொள்ளட்டும்.

நீண்ட ஆயுளோடும் நேரான முதுகோடும் இரு என் கண்ணே. புது வளையம் மாட்டியதும் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, துடைப்பக் கட்டையைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு, அதைப் பார்க்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கிளெனிஸ்