லிங்கனின் இடது கையும் என் மகளின் மாற்றுச் சான்றிதழும்

அனுப்புநர்
சா. யோவான்,
கீழத்தெரு, ஆலடிச்செவல்,
பனவடலிசத்திரம் வழி,
சங்கரன்கோவில் தாலுகா.

பெறுநர்
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
தென்காசி.

பொருள்: என் மகள் தங்கபாயின் மாற்றுச் சான்றிதழில் "பொய் சொல்லும் பழக்கம் உடையவள்" என்று எழுதியிருப்பதை நீக்கி, அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர வழி செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் பருத்திக்காட்டில் கூலி வேலை செய்கிறவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகளே இதை எழுதுகிறாள். என் வாயில் வந்ததில் பாதியை, அதிகாரிக்கு இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று விட்டுவிட்டாள். மீதியைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. என் மகள் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவள். சென்ற பிப்ரவரியில் அங்கே பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு, அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன். அவர் மரக்குடிசையில் பிறந்தது, விறகு பிளந்தது, அடிமைகளை விடமாட்டோம் என்று தெற்கு மாகாணங்கள் பிரிந்துபோனது, சண்டை மூண்டது, அடிமைகளுக்கு விடுதலை என்று உத்தரவு போட்டது, கடைசியில் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டது என எல்லாவற்றையும் தாளைப் பார்க்காமல் சொன்னாள். முதல் பரிசு அவளுக்கே என்று முடிவு செய்து, சங்கரன்கோவிலில் நடக்கும் தாலுகா போட்டிக்கும் அவள் பெயரை எழுதினார்கள்.

2. அந்தப் பேச்சில், விடுதலை உத்தரவில் லிங்கன் கையெழுத்துப் போட்டதை அவள் நடித்துக் காட்டினாள். இடது கையால் எழுதுவதுபோல் காட்டினாள். தலைமையாசிரியர் திரு. சௌந்தரபாண்டியன் அவர்கள், வலது கை என்று திருத்தினார். "இல்ல சார், இடது கைதான். நம்ம ஊருக்கு வந்த படத்துல நான் பாத்தேன்" என்றாள். அதே படத்தைப் பார்த்த மேலத்தெருப் பிள்ளைகளை எழுப்பிக் கேட்டார். அத்தனை பேரும் வலது கை என்றார்கள். பொய் சொன்னேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். என் மகள் மறுத்துவிட்டாள். பிரம்பால் அடித்தும் மறுத்துவிட்டாள். தாலுகா போட்டிக்கு வேறொரு பிள்ளை போனது. அது போகட்டும். மே மாதம் தந்த மாற்றுச் சான்றிதழில், நடத்தை என்ற இடத்தில் மேற்படி வார்த்தையை எழுதிவிட்டார்.

3. அந்தச் சான்றிதழோடு சங்கரன்கோவிலில் ஓர் உயர்நிலைப்பள்ளிக்குப் போனோம். நடத்தை சரியில்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத வீதியில் நடந்து வரும்போது, ஒரு ஜவுளிக்கடையின் துணி விளம்பரம் தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்தது. எதிர் வெயிலில் எழுத்து பின்பக்கமும் தெரிந்தது. என் மகள் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. எழுத்தெல்லாம் இடது வலதாகத் திரும்பி இருக்கிறது என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யா, அன்னைக்கு நாம படத்துக்குப் பொறத்தாலயில்லா உக்காந்திருந்தோம்" என்று நடுத்தெருவில் அழுதாள்.

4. அந்தப் படம் காட்டியது 1976ஆம் வருஷம். அமெரிக்கா சுதந்திரம் பெற்று இருநூறு வருஷம் ஆனதை முன்னிட்டு வேனில் கொண்டுவந்தார்கள். மேலத்தெருவில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். நாங்கள் முன்பக்கம் போய் உட்கார்ந்தோம். ஊர்ப் பெரியவர் திரு. கருத்தப்பாண்டி அவர்கள் வந்து சொன்னதை எழுத மாட்டேன் என்கிறாள் என் மகள். எழுது என்கிறேன் நான். "ஏலே, கீழத்தெருக்காரனெல்லாம் எந்திரிச்சுத் துணிக்கு அங்கிட்டுப் போங்கலே. படம் ரெண்டு பக்கமுந்தான் தெரியும்."

எழுந்து போனோம். தெரியத்தான் செய்தது. மனிதரைச் சங்கிலியில் கட்டி ஏலம் போட்டது தெரிந்தது. பருத்திக்காட்டைக் காட்டியபோது என் மனைவி ஏசுவடியாள், "எம்மா, அங்கனயும் நம்மளக் கணக்கா பருத்திதான் எடுக்காக" என்றாள். லிங்கனாக நடித்தவர் பேனாவை எடுத்தார். முன்னால் இருந்தவர்களுக்கு அது வலது கை, எங்களுக்கு இடது கை. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. துணியில் ஓடிய இங்கிலீஷ் எழுத்து நேராக ஓடியதா, திரும்பி ஓடியதா என்று எங்களில் யாருக்குத் தெரியும்? இடது கையால் கையெழுத்துப் போட்டது அவளுக்கு வித்தியாசமாகவும் படவில்லை. அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

5. இதைத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். படித்தவர், உடனே புரிந்துவிட்டது. "நீ சொல்லுதது வாஸ்தவந்தான் யோவான். திருத்தணும்னா காரணம் எழுதணும்லா? உங்கள எங்கன உக்கார வச்சாகன்னு எழுதிட்டு நான் இந்த ஊர்ல குடியிருக்கவா? பிள்ளைய ஒரு மன்னிப்பு எழுதித் தரச் சொல்லு, நல்ல நடத்தைன்னு போட்டுத் தாரேன்" என்றார். அதாவது அய்யா, பொய் சொல்லாத பிள்ளை, பொய் சொன்னேன் என்று ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தால் உண்மை பேசுகிறவள் ஆகிவிடுவாள். நல்ல பள்ளிக்கூடம்! மன்னிப்பு எழுதவா என்று அவளே ஒருநாள் கேட்டாள். எழுதினால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

6. இனிமேல் எங்களை முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்க இந்த மனு இல்லை. அதைக் கேட்டால் மறுநாள் எனக்கு யாரும் வேலை தர மாட்டார்கள். லிங்கன் எந்தக் கையால் எழுதினார் என்பதிலும் எனக்கு வழக்கில்லை, வலது கையாகவே இருக்கட்டும். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள் என்று எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்குப் பயமாக இருந்தால் தாங்களே எழுதுங்கள். தாங்கள் எங்கள் ஊரில் குடியிருக்கவில்லை. பள்ளிகள் திறந்துவிட்டன. அவளோடு படித்தவர்கள் பஸ் ஏறும் நேரத்தில் அவள் வீட்டுக்குள் போய் நின்றுகொள்கிறாள். இந்த மாதத்துக்குள் சேராவிட்டால் எங்களோடு காட்டு வேலைக்கு வந்துவிடுவாள். அங்கே யாரும் நடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை.

நான் கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணம் இது. ஒரு பெரிய மனிதர் இடது கையால் கையெழுத்துப் போடுவாரா, அப்போதே உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று என் மகளிடம் கேட்டேன். "நீங்களும் ஆபீசுக்குப் போனா இடது கையத்தானய்யா நீட்டுதிய" என்றாள். உண்மைதான். சர்க்கார் இதுவரை என்னிடம் கேட்டது அந்தக் கையைத்தான். அதையே தங்களுக்கும் கீழே வைத்திருக்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

சா. யோவான்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: ஆலடிச்செவல்
நாள்: 15.6.1981

மேற்படியார் சொல்லக் கேட்டு எழுதியவள்:
யோ. தங்கபாய், வலது கையால்.