மாடியில் கடைசி அறை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தை நூலகமாக மாற்றும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. நீ பிரசவத்துக்குப் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரி. வேறு யாரும் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்.

ஜன்னலுக்குள் கொடி புகுந்திருக்கிறது, படியெல்லாம் புறா எச்சம். ஆனால் உயரமான கூரை, நல்ல வெளிச்சம். கூடத்தில் பெயின்டைச் சுரண்டினால் அருமையான செங்கல். "இடிச்சிட்டுப் புதுசாவே கட்டிடலாம்மா" என்கிறார் மேஸ்திரி. நான் விடவில்லை. கோபப்படாதே அக்கா.

உன் சின்னவள்

மார்ச் 15

சின்னவளுக்கு,

மாமா எழுந்து நடமாடுகிறார். கோபமில்லை. தேடி வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொல். மாடியில் கடைசி அறை என்ன ஆகப்போகிறது?

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. பிரசவ அறை என்பதால் மாடியில் தண்ணீர்க் குழாயெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வரைபடத்தில் அது கழிப்பறை.

உன் சின்னவள்

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

படித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் பையன் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. முகத்தைப் பார்த்தால் மறக்க முடியாது என்று அம்மாவும் நீயும் என்னைப் பார்க்க விடவில்லை. பார்க்காமலும் மறக்கவில்லை. அந்த அறையை வேறு ஏதாவது செய். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டட முதலாளியோடு பெரிய சண்டை. இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் கழிப்பறையைக் கீழே கொண்டுபோய்விட்டேன். நூலகத்துக்கு வரும் தாய்மார்கள் குழந்தைக்குப் பால் கொடுக்க அந்த அறை. வெளிர்மஞ்சள் சுவர், ஜன்னலோரம் மெத்தை போட்ட இருக்கை, உள்ளே தாழ்ப்பாள். உன்னை நினைத்துத்தான் செய்தேன். அடுத்த மாதம் திறப்பு விழா. வந்துவிடு அக்கா.

உன் சின்னவள்

ஆகஸ்ட் 30

சின்னவளுக்கு,

விழாவுக்கு வரவில்லை. கூட்டம் குறைந்த பிறகு, உனக்கும் சொல்லாமல் வந்தேன். கூடம் அழகாக இருக்கிறது. பாழடைந்து கிடந்த இடம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

மேலே போனேன். நீ முன்பே எழுதியிருந்தும், கதவில் 'பாலூட்டும் அறை' என்ற பலகையைப் படித்ததும் உன்மேல் அப்படி ஓர் ஆத்திரம். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தபோது ஈரத்துணி போட்டுவிட்டவளே நீதான். அந்த அறைக்கு உனக்கு இதுதானா தோன்றியது?

திரும்பிவிட இருந்த என்னை, திறந்திருந்த கதவு வழியே உள்ளேயிருந்த ஒரு பெண் கூப்பிட்டாள். "ஏன்க்கா வாசல்லயே நிக்கிறீங்க? இடம் இருக்கு, வாங்க." உட்கார்ந்தேன். "கொஞ்சம் புடிங்கக்கா, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பால் வாசனையோடு அது என் விரலைப் பிடித்துக்கொண்டது.

வந்து கேட்டாள்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

"ஒரு பையன்" என்றேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

"என்ன படிக்கிறான்?"

குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நீ எனக்கு நல்லது செய்தாயா, கெட்டது செய்தாயா என்று இன்னும் தெரியவில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. முடிந்தால் நானே எழுதுகிறேன்.

அக்கா