இரண்டு அம்மாக்களுக்கு இரண்டு பாலிசி

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
வியாழக்கிழமை

அன்புள்ள மகன் அலெக்சுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இன்று காலை வரை நான் சுகம், அதை எந்தக் கம்பெனி கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். நீயும் வின்சியும் அங்கே நலமாக இருக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் அவளுக்குக் கால் வீங்குகிறது என்றாய், டாக்டரிடம் உடனே காட்டு, தள்ளிப்போடாதே. இங்கே நாலு நாளாக மழை, பிளவக்கல் அணை நிரம்பிவிட்டதாகப் பால்காரர் சொன்னார். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடைசி வரை வாசி.

பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு அம்மாக்களும் விமானம் ஏறி அங்கே வருவதற்காக நீ எடுத்த மருத்துவக் காப்பீட்டில் என்னுடையதை ராஜபாளையத்தில் பிரிண்ட் எடுத்து, பதினெட்டுப் பக்கத்தையும் வாசித்தேன். கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு எதுவும் கிடையாது என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது நீ வீடியோவில் பார்த்தாய், மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுபது தாண்டியவர்களுக்கு இவ்வளவுதான் கிடைக்கும்போல என்று இருந்துவிட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே பாலிசிதாம்மா" என்று நீதானே சொன்னாய்.

திங்கட்கிழமை வின்சியின் அம்மா ஜெயக்கொடி, வ. புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறி, நனைந்துகொண்டே வந்தார்கள். துணிக்கடைக் கவருக்குள் அவர்களுடைய பாலிசி. "மதினி, எனக்கு இது எறும்பு ஊர்ந்தாப்புல இருக்கு. அங்க போயி மயங்கி விழுந்தா ஆரு பாப்பாகன்னு இதுல போட்டிருக்காம்லா, செத்த வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். காப்பி கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே பாலிசியின் பெயர் என்னுடையதிலிருந்து வேறாக இருந்தது. பழைய நோய் திடீரென்று முற்றினாலும் செலவு உண்டு, ஆஸ்பத்திரியே கம்பெனிக்கு நேராகப் பில் அனுப்பும், தீவிர சிகிச்சைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்ற கட்டு இல்லை. என்னுடையதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை, மிச்சம் நம் கையிலிருந்து. வயதைக் காரணம் சொல்லாதே, வின்சி அவர்களுக்குக் கடைக்குட்டி, அவர்கள் என்னைவிட ஒரு வயது மூத்தவர்கள், சர்க்கரையும் உண்டு. இரண்டு பாலிசியிலும் ஒரே தொகை போட்டிருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு.

நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாப்பிள்ள எம்புட்டுப் பாத்துப் பாத்து எடுத்திருக்காக, பெத்த தாய்க்குச் செய்த மாதிரில்லா செஞ்சிருக்காக" என்றவர்கள், பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒங்களுக்கும் இதேதான மதினி?" என்று கேட்டார்கள்.

"ஆமா மதினி, இதேதான்" என்றேன்.

என்னுடையது மேசைமேலேயே கிடந்தது, அதன்மேல் பேப்பரை எடுத்துப் போட்டேன். எழுபத்தொரு வயதில், என் வீட்டில், நான் மறைத்து வைத்த முதல் பொருள் அது.

வின்சியை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் தன் அம்மாவுக்காகக் கேட்டு வாங்கியிருப்பாள், மகளென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். உன் அப்பா போன பிறகு எனக்காகக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் யோசிக்கிறேன். அம்மா எதையும் தாங்கிக்கொள்வாள் என்று நீ நினைத்திருப்பாய். தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் என் இதயத்துக்கு அது தெரியாது. கையில் இல்லை என்று சொல்லியிருந்தால் என் பென்ஷனிலிருந்து நானே கட்டியிருப்பேன். ஒரே பாலிசி என்று ஏன் சொன்னாய்?

பயணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, பாலிசி தொடங்கும் தேதிக்கு முன் மாற்றிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறான். சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். அதற்குள் நீ மாற்றினால், அவர்களிடம் நான் சொன்னது அன்றைக்குப் பொய்யாக இருந்தாலும் இனிமேல் பொய்யாக இருக்காது. மாற்றாவிட்டால், சாமியாரிடம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் புதுப்பட்டிக்குப் போய் ஜெயக்கொடியிடமும் உள்ளபடி சொல்லிவிடுவேன். தனியாகப் பயணம் செய்ய அவர்களுக்குத் தெரியாது, அதனால் சென்னை விமான நிலையம் வரை கூட்டிப்போய், சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்து, உள்ளே அனுப்பிவிட்டு நான் பொதிகை ரயிலில் ஊர் திரும்பிவிடுவேன். மருமகளுக்கு அவளைப் பெற்றவள் கூட இருந்தால் போதும்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். சுகப்பிரசவத்துக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன், உன் பெயரையும் அதில் விடவில்லை. இந்தக் கடிதத்தை வின்சியிடம் காட்டாதே, மாசமாக இருப்பவள் மனம் நோகக் கூடாது. சனிக்கிழமை சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்காருவார். நம் ஊர் நேரம்.

அம்மா,
இமெல்டா பால்துரை