திட்டுச் சத்தம் கேட்கும் வீடு

மச்சான்,

இன்று சாயங்காலம் உங்கள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தேன். என்னுடையதைத் தெருநாய் கடித்துக் குதறிவிட்டது. கடித்தது ஜவளகிரிக் காட்டுச் சிறுத்தை என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள்ளே மெஷின் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்த உங்கள் வாசனை. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகியும் அது மட்டும் போகவில்லை.

இதே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் நிற்பீர்கள். அக்காவைக் கட்டிய புதிது, குடித்தனத்துக்கு வீடு தேடினோம். நானாக இருந்தால் காலிங்பெல்லை அமுக்கி, மூவேந்தர் வாரிசு வந்திருப்பதாக அறிவிப்பேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுப்பீர்கள்.

"இரு மாப்ள. வீடு எந்த பாஷையில திட்டுதுன்னு கேட்டுக்கறேன்."

உள்ளே தெலுங்கில் திட்டு விழுந்தால் தெலுங்கில் வீடு கேட்பீர்கள். கன்னடத்தில் விழுந்தால் கன்னடத்தில். ஒருமுறை டைல்ஸ் பளபளக்கும் புது மாடி வீடு. மனதுக்குள் நான் பால் காய்ச்சியே விட்டேன். கீழே குடும்பம் இருக்கிறது என்றார் புரோக்கர். நீங்கள் நின்றீர்கள், நின்றுகொண்டே இருந்தீர்கள்.

"வேணாம் மாப்ள. ஆளிருக்கற வீடு எங்கயாச்சும் ஒரு மூலையில திட்டிக்கிட்டுதான் இருக்கும். இதுல பேச்சு மூச்சே காணோம்."

போர்வெல் வற்றி, கீழ்வீட்டுக்காரர்கள் எப்போதோ காலி செய்துவிட்டது பிறகுதான் தெரிந்தது.

இப்போது உங்கள் மகள் கதைக்கு வருகிறேன். படிக்க அயர்லாந்தில் டப்ளின் போயிருக்கிறாள். அங்கே ஒரு ரூமுக்கு ஒரு ஜில்லாவே வரிசையில் நிற்கிறது. காலேஜ் விடுதியில் கொடுத்த தற்காலிக இடத்தைத் திங்கட்கிழமை காலி செய்தாக வேண்டியிருந்தது. தாய்மாமன் நான் சும்மா இருப்பேனா? என் ராஜதந்திரத்தையெல்லாம் இறக்கி, அங்கிருக்கும் நம்மாள் ஒருவனை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். அவன் பேசும் தமிழில் சர்க்கரை போடாமலே காபி குடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வீட்டைக் காட்டினான். வீடியோ காலில் எனக்கும் அக்காவுக்கும் தரிசனம். வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், மேஜை.

"ஆறு பொண்ணுங்க இருக்காங்க அங்கிள். லீவு நாளு, எல்லாம் அவங்கவங்க ரூம்ல இருக்காங்க. அடுத்த பார்ட்டி வந்துக்கிட்டே இருக்கு. இப்பவே அட்வான்ஸ் போட்டா சாவி கைல."

"போட்டுடு கண்ணு!" என்று கத்தினேன்.

திரை ஆடியது. படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நீ கொஞ்சம் வாய மூடு மாமா. அப்பா மாதிரி நின்னு கேக்கறேன்."

மூடினேன். கெலவரப்பள்ளி அணை மதகு அத்தனையும் என் முதுகில் வியர்வையாய்த் திறந்துகொண்டன. அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். போனில் காற்றுச் சத்தம் மட்டும். ஒரு குழாய் ஓடவில்லை, ஒரு பாத்திரம் விழவில்லை, ஒருத்தி இருமவில்லை.

"டைம் இல்ல சிஸ்டர்" என்றான் அவன்.

"ஏதாச்சும் ஒரு ரூம் கதவத் தட்டுங்கண்ணா. ஒருத்தி எந்திரிச்சு வந்து என்னத் திட்டட்டும். சாவிய வாங்கிக்கறேன்."

"ரொம்பப் பேசறீங்க" என்று சொன்னவன், தேன் தமிழைச் சுருட்டிக்கொண்டு போயே போய்விட்டான். உங்கள் மகள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் விசாரித்தாள். அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடாம். அதை எடுத்துத் தன் வீடு போல ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

பணம் பிழைத்தது. ஆனால் விடிந்தால் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டும். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகி மறுபடி உருக்கொண்டேன். உங்கள் மகள் போனைப் பிடித்தபடியே நடந்தாள். ஜன்னல் இல்லை என்று முன்பு நானே வேண்டாமென்று தள்ளிய ஒரு ரூம் இருந்தது, மாடிப்படிக்கு அடியில். அந்த வாசலுக்கு அவள் போய்ச் சேரும்போதே உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஓசூர் வரைக்கும் கேட்டது.

"குக்கர் எவரு கடகலேது?"

குக்கரை யார் கழுவவில்லை என்ற விசாரணை. உங்கள் மகள் பெல்லை அடித்து, ரூம் இருக்கிறதா என்று தெலுங்கிலேயே கேட்டாள்.

"அக்கா, ரூம் உந்தா?"

சத்தம் நின்றது. கதவு திறந்தது. கையில் கரண்டி, முகத்தில் கோபம். "உந்தி. நுவ்வு குக்கர் கடுகுதாவா?" குக்கர் கழுவுவாயா என்பதுதான் முதல் கேள்வி. கழுவுகிறேன் என்று சத்தியம் செய்து உள்ளே போனாள். இங்கே அக்கா முறுக்கிய முந்தானையை விட்டாள்.

ஒன்று உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு உங்கள் வீடும் அந்த மாடி வீடு மாதிரிதான் ஆகிப்போனது. உங்களை நாள் முழுக்கத் திட்டின அக்கா வாய்க்கு வேலை இல்லை. நான் போய் ஆயிரம் அண்டப்புளுகு அளந்தாலும் "ம்" என்பாள், அவ்வளவுதான்.

இன்று உங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, உங்கள் ஹெல்மெட்டைக் கழற்றினேன். பழக்கதோஷம் எனக்கும் ஒட்டிவிட்டது, நின்று கேட்டேன். உள்ளே போன் ஸ்பீக்கரில் அந்தத் தெலுங்குப் பெண் உங்கள் மகள் மேல் புகார் வாசித்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் குக்கர்தான். அக்கா மகளைத் தெலுங்கில் திட்ட ஆரம்பித்து, போதாமல் தமிழுக்குத் தாவினாள்.

"உங்கப்பனுக்கும் இதே புத்திதான்டி! தின்ன தட்டு தின்ன எடத்துலயே கெடக்கும்!"

கேட்டைத் திறக்க மனம் வரவில்லை, மச்சான். ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீட்டில் ஆள் இருக்கிறது.