பிளங்கெட் வாசிக்கும் கடிதங்கள்

டுலூத்,
மே 5, 2003

மாண்புமிகு அம்மாவுக்கு,

நீ விதித்த அறைச்சிறையில் பதினோராம் நாள். பள்ளி நீரூற்றில் சோப்புத்தூள் கொட்டியதற்கு மூன்று வாரம் அதிகம்தான். சமையல் அப்பாவுடையது, அது தனித் தண்டனை.

நீ மேல்முறையீட்டு நீதிபதி ஆகக்கூடாதென்று செனட்டர் பிளங்கெட்டும் கூட்டாளிகளும் செனட்டில் மாறிமாறிப் பேசுவதை டிவியில் பார்த்தேன். அறுபது பேர் 'போதும்' என்று வாக்களிக்கும்வரை நிறுத்தமாட்டார்களாமே. உன்னைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றுவிடாமல் வாசிப்பேன் என்கிறார் பிளங்கெட். எல்லாவற்றையுமா? சும்மா கேட்டேன்.

உன் கைதி,
டெல்லா

வாஷிங்டன்,
மே 7

டெல்லாக் குட்டி,

எல்லாவற்றையும்தான். நம் பக்கம் ஐம்பத்தெட்டுப் பேர். இன்னும் இருவர் தயங்குகிறார்கள். நேற்று பிளங்கெட் வாசித்த கடிதம் அவர்களை உலுக்கிவிட்டது. "நீதிபதி லிண்ட்க்விஸ்ட் என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் மூன்று வாரம் அடைத்துவிட்டார்" என்று பெயரில்லாத ஒரு பெண். விசாரிக்காமல் யாரையும் நான் உள்ளே தள்ளியதில்லை. பழைய வழக்குகளைப் புரட்டுகிறேன். யாரை மறந்தேனோ என்று பயமாயிருக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிடு.
அம்மா

டுலூத்,
மே 9

அம்மா,

வழக்குக் கட்டுகளை மூடி வை. அந்தப் பெண் நான்தான்.

"வாயைத் திறக்காதே, மேலே போ" என்றாயே, அந்தக் கோபத்தில் பிளங்கெட்டுக்கு எழுதினேன். படித்துச் சிரித்துவிட்டுக் குப்பையில் போடுவார் என்று நினைத்தேன். திட்டியாவது எழுது.

டெல்லா

வாஷிங்டன்,
மே 12

டெல்லா,

திட்ட வரவில்லை. உன்னை நான் விசாரிக்கவில்லை, அது உண்மை.

எழுதியது என் மகள் என்று அறிவிக்கச் சொல்கிறார்கள் உதவியாளர்கள். அறிவித்தால் மறுநாளே நம் வாசலில் கேமராக்கள் நிற்கும். பள்ளிக்கும் உன் பின்னால் வரும். சொல்லமாட்டேன். வியாழக்கிழமை வாக்கெடுப்பு. தோற்றால் தோற்கிறேன். நீயும் வாயைத் திறக்காதே.

அம்மா

டுலூத்,
மே 14

அன்புள்ள அம்மா,

இரண்டாம் முறையாக அதையே சொல்கிறாய். இந்த முறை கேட்கவில்லை.

பிளங்கெட்டுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். என் பெயர், வயது, நீரூற்று, சோப்பு, எல்லாம் இருக்கிறது. "நிஜமாவே அனுப்பட்டுமாடி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அப்பா தன் அலுவலக ஃபேக்ஸில் அனுப்பினார். ஒன்றுவிடாமல் வாசிப்பேன் என்றவர் இதை எப்படி விடுவார்?

டிவியைச் சத்தமில்லாமல் வைத்து, அதைப் பார்த்தபடியே எழுதுகிறேன். என் எழுத்து கோணுவது அதனால்தான்.

இப்போது பிளங்கெட் ஒரு தாளை எடுக்கிறார். பாதியில் நிறுத்தி, பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ கேட்கிறார். மறுபடி கண்ணாடியை மாட்டுகிறார்.

சத்தத்தைக் கூட்டப் போகிறேன், அம்மா.

டெல்லா லிண்ட்க்விஸ்ட்